சாகாத சம்மந்தி தரும் விளக்கம்

கருங்கல் ரப்பர் வியாபாரியும், சபைக் கமிட்டி உறுப்பினரும், போன வாரம் வரை எனக்குச் சம்மந்தியாக இருந்தவரும், மனது வைத்தால் இனியும் ஆகக்கூடியவருமான உயர்திரு செல்வதாஸ் அவர்களுக்கு,

மயிலாடி டெம்போ தேவகுமார் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் உயிரோடு இருக்கிறேன். மற்றவர்கள் கடிதத்தில் இந்த வரியைச் சும்மா எழுதுவார்கள். என் விஷயத்தில் இதற்குச் சாட்சிக் கையெழுத்து வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என் மனைவி பூங்கனியிடம் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அடுக்களைக்குப் போனவள் இன்னும் வரவில்லை.

வடசேரி பழக்கடை நாராயணபெருமாள் நேற்று உங்கள் தூதாக வந்து, "தேவகுமாரே, மூணாவது ஓலைய இப்பம் வாசிக்காண்டாம்னு அவிய சொல்லுதாவ. காரணம் கேட்டேன், நேர்ல பேசலாம்னுட்டாவ" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்காமல் போய்விட்டார். அவர் காப்பியை விட்டுவிட்டுப் போனார் என்றால் விஷயம் பெரிது. உங்கள் மகன் ஸ்டெனிக்கும் என் மகள் ஜினிஷாவுக்கும் இரண்டு ஞாயிறு இரண்டு சபையிலும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்டபோது ஒரு குழந்தைகூட அழவில்லை. மூன்றாவது ஞாயிறுக்கு ஆட்சேபணை மாப்பிள்ளையின் அப்பாவிடமிருந்தே வரும் என்று யார் கண்டது? காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. காரணம் என் மூஞ்சி. ஆகையால் அந்த மூஞ்சியின் வரலாற்றை, பத்தாம் வகுப்பில் தமிழ் மட்டும் பாஸான எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும். ரப்பர் ஷீட் காயும் நேரத்தில் படித்தாலும் போதும்.

என் கன்னத்தில் இருக்கும் வெட்டு, வெட்டே அல்ல. டெம்போவில் வாழைக்குலை ஏற்றும்போது கயிறு அறுந்து கொக்கி கிழித்தது. இது ஊருக்கே தெரியும். ஆனால் ஆரல்வாய்மொழியில் குதிரைப்படம் எடுக்க வந்த டைரக்டருக்குத் தெரியாது. சாப்பாட்டுக்கு வாழை இலை இறக்கப் போன என்னைப் பார்த்து, "அண்ணே, எத்தனை பேரைப் போட்டிருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். எத்தனை பேருக்கு இலை போட்டிருக்கிறேன் என்று கேட்பதாக நினைத்து நான், "இன்னைக்கு நூறு. நாளைக்கும் போட்டுத் தரேன்" என்றேன். அன்றே எனக்குக் கொள்ளைக்கூட்டத்தில் வேலை கிடைத்துவிட்டது. தலையில் தொப்பி, இடுப்பில் இரண்டு துப்பாக்கி, வாயில் சுருட்டு. சுருட்டு மட்டும் நிஜம், அதனால் இருமல் மட்டும் நிஜமாக வந்தது. அந்த இருமலைப் பார்த்துவிட்டு, "வில்லனுக்கு ஒரு தனி ஸ்டைல் வந்திருச்சு" என்றார் டைரக்டர். அமெரிக்கப் பாலைவனம் என்று சொல்லி எடுத்த இடத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலை. அதையெல்லாம் கம்ப்யூட்டர் அழித்துவிடும் என்றார்கள். எனக்குத் தெரிந்தவரை அந்தக் கம்ப்யூட்டர் அழித்தது என் நாலு வசனத்தில் மூன்றை.

குதிரை கன்னியாகுமரி கடற்கரையிலிருந்து வந்தது. அங்கே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போட்டோவுக்கு நின்று பிழைப்பு நடத்துகிற குதிரை. தொழில் சுத்தம் என்றால் அதனிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். கேமராவை எங்கே கண்டாலும் நின்று, முகத்தைத் திருப்பி, அசையாமல் போஸ் கொடுக்கும். வங்கியைக் கொள்ளையடித்துவிட்டுப் பாய்ந்து வருகிற கொள்ளைக்காரன் நான், கேமராவுக்கு முன்னால் கல்யாண ஆல்பத்தில் நிற்பதுபோல நிற்கிறேன். துரத்தி வந்த போலீஸ்காரர்கள் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். குதிரையை உதைத்தேன். அது என்னைக் கீழே போட்டது. "சூப்பர்ண்ணே, செத்த மாதிரியே விழுந்தீங்க" என்றார் டைரக்டர். அன்று முதல் சாவது என் தொழிலாயிற்று.

அடுத்தது யுத்தப்படம். குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தைக் காடாக வைத்து எடுத்தார்கள். நான் எதிரி நாட்டு சார்ஜென்ட். எந்த எதிரி நாடு என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. என் நிறத்துக்கு எந்த நாடு ஒத்துவரும் என்று அவர்களும் யோசித்திருப்பார்கள். வரிசையாக நட்ட ரப்பர் மரத்துக்கு நடுவே ஒளிந்து ஒளிந்து சுட வேண்டும். உங்களுக்கு ரப்பர் தெரியும். அந்த மரத்துக்குப் பின்னால் ஒரு குச்சியை ஒளித்து வைக்கலாம், என்னை ஒளித்து வைக்க முடியாது. குண்டு பட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுழன்று விழப் போன நேரத்தில், பால் வெட்டுகிற அம்மா ஒருத்தி வாளியோடு வந்து நின்று, "வேய், சாவுததுன்னா அந்தப் பக்கமா போயிச் சாவும். இங்க பால் சிரட்டை இருக்கு, தட்டிவிட்டுராதேயும்" என்றாள். பாதிச் சாவில் எழுந்து இரண்டு வரிசை தள்ளிப் போய் மீதியைச் செத்தேன். ஒரு தொழிலாளியின் பாலைக் கொட்டாமல் செத்த ஒரே சார்ஜென்ட் நானாகத்தான் இருப்பேன். இதையும் என் நன்னடத்தையில் சேர்த்துக்கொள்ளவும்.

இனி நம் விவகாரம். மூன்றாவது படத்தில் எனக்குப் பதவி உயர்வு. நம் நாட்டு ஹவில்தார் ஆக்கினார்கள். எதிரி செத்தால் அப்படியே கிடப்பான், நம்மாள் செத்தால் ப்ளெக்ஸ் உண்டு. ராணுவ உடுப்பில் என் படத்தை ஆள் உயரத்துக்குப் போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்து, தெரு முக்கில் கட்டி, ஒரு நாள் படம் எடுத்துவிட்டு அவிழ்த்துப் போட்டார்கள். நல்ல கனமான ப்ளெக்ஸ். மழைக்காலம் வேறு. நம் ஊரில் யார் வீட்டில் நல்ல ப்ளெக்ஸை வீணாக்குவார்கள்? எம்.எல்.ஏ. வேட்பாளர்கள் முகமெல்லாம் கோழிக்கூட்டுக்கு மேலேதானே இருக்கிறது. நானும் சுருட்டிக்கொண்டு வந்தேன். பூங்கனி ரோட்டோரம் அடுக்கியிருந்த விறகுக்கு அதைப் போர்த்தினாள். படத்தில் என் பேர் ஹவில்தார் வீரபாகு. அந்தப் பேர் இருந்த பாதி விறகுக்கு அடியில் போய்விட்டது. என் மூஞ்சியும் கண்ணீர் அஞ்சலியும் ரோட்டைப் பார்த்து இருந்தன.

கல்யாணச் சேலை எடுக்கப் போவதைப் பற்றிப் பேச நீங்கள் குடும்பத்தோடு வேனில் வந்ததும் அன்றைக்குத்தான். ப்ளெக்ஸைப் பார்த்துவிட்டு, வேனைத் திருப்பி, மலர் வளையம் வாங்கிக்கொண்டு வந்தீர்களே, அந்தப் பாசத்தை நான் மறக்க மாட்டேன். போன் அடித்துக் கேட்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, அவ்வளவு துக்கம். உடுப்பைப் பார்த்து, நான் ராணுவத்தில் இருந்ததை அடக்கமாக மறைத்துவிட்டேன் என்று வருந்தினீர்களாம். குடும்பத்துக்குப் பென்ஷன் வருமா என்றும் வேனில் பேச்சு வந்ததாக டிரைவர் சொன்னான். துக்கத்தில் ஆளுக்கு ஒன்று தோன்றும், நான் குறையாக எடுக்கவில்லை. கதவைத் திறந்தவன் நான். கையில் பாதி கடித்த வாழைக்காய் பஜ்ஜி. உங்கள் வீட்டம்மா ரெஜிலா "ஏசுவே!" என்று விழுந்தார்கள். நீங்கள் விழவில்லை. வளையத்தைக் கீழே வைக்காமல் என்னை மேலும் கீழும் பார்த்து,

"வேய், நீரு சாவல்லியா?" என்று கேட்டீர்கள்.

"இல்லீங்க சம்மந்தி, மன்னிக்கணும்" என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த 'சாவல்லியா'வில் இருந்த ஏமாற்றத்தை எந்த நடிகனாலும் கொண்டுவர முடியாது. பிறகு யாரோ போனில் என் குதிரைப்படத்தைப் போட்டுக் காட்ட, நான் வங்கிக் காசாளரைச் சுடுவதைப் பார்த்துவிட்டு, "எங்க குடும்பத்துல ஒருத்தனும் துப்பாக்கி தொட்டதில்ல கேட்டீரா" என்றீர்கள். உண்மை. உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் எல்லைக்கல் தகராறு வந்தபோதுகூட மண்வெட்டிதான் என்று கேள்வி.

சிரிப்பை விடுங்கள். ஜினிஷா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. நேற்றுச் சோறு போடும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "அப்பா, அடுத்த படத்துல எனக்கும் ஒரு சாவு வேஷம் கேளுங்க." இத்தனை படத்தில் குண்டு பட்டுச் செத்தவன், அந்தச் சொல் பட்டபோது எப்படி விழுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே இதனால் உறுதி சொல்கிறேன். இன்றோடு சினிமாவை விட்டேன். மீசையை எடுத்தாயிற்று. டைரக்டர் நம்பரை அழித்தாயிற்று. ப்ளெக்ஸை அடுப்பில் போட்டு, அதன் நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டில் ஏச்சும் வாங்கியாயிற்று. இனி நான் வாழைக்குலை ஏற்றுவேன், இறக்குவேன், என் நேரம் வரும்போது ஒரே ஒரு தடவை, வீட்டில், முறையாகச் சாவேன். அதற்கு நீங்கள் வளையத்தோடு வரலாம். வரும் ஞாயிறு மூன்றாவது ஓலையை வாசிக்கச் சொல்லி உங்கள் போதகரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிள்ளைகள் இரண்டும் நம் மூஞ்சியைப் பார்த்துப் பழகியவை அல்ல, ஒன்றின் மூஞ்சியை ஒன்று பார்த்துப் பழகியவை.

ரெஜிலா அம்மாவின் தலைவீக்கம் வற்றவும், உங்கள் ரப்பருக்கு விலை ஏறவும், உங்கள் மனம் அதே அளவு இறங்கவும் ஜெபிக்கிறோம்.

இப்படிக்கு,
பணிவுள்ள, உயிருள்ள
தேவகுமார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஸ்டெனி பைக்கில் வந்து இறங்கினான். "மாமா, அப்பாவுக்குக் கோவம் ஒண்ணும் இல்ல. சொல்லதுக்கு வெக்கப்படுதாரு" என்றான். வீட்டுக்குப் போனதும் என் குதிரைப்படத்தை முழுக்கப் பார்த்தீர்களாம். மறுநாளும் பார்த்தீர்களாம். டைரக்டரைத் தேடிப் பிடித்து நாலு போட்டோ அனுப்பினீர்களாம். இரண்டாம் பாகத்தில் கொள்ளைக்கூட்டத் தலைவனே நீங்கள்தானாம். நான் மூன்று மாதமாகக் கெஞ்சியும் தராத வேஷம்! ஷூட்டிங்கும் கல்யாணமும் ஒரே தேதியில் வருவதால் ஓலையைத் தள்ளி வைக்கச் சொன்னீர்களாம். கொஞ்ச நாளாகக் கடையில் தொப்பி போட்டுக்கொண்டுதான் ஷீட் எடை போடுகிறீர்கள் என்றும் பையன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

ஆகையால் மேலே எழுதிய உறுதி ரத்து. மீசையை வளர விட்டிருக்கிறேன். டைரக்டர் நம்பரை ஸ்டெனியிடமிருந்து வாங்கிவிட்டேன், ஷூட்டிங் தேதியை மாற்றுவது என் பொறுப்பு. சனிக்கிழமை இங்கே வாருங்கள், குதிரையிலிருந்து எலும்பு முறியாமல் விழுவது எப்படி என்று காட்டித் தருகிறேன். கல்யாணத் தேதி மாறாது. ஞாயிறு காலை உங்கள் சபையில் போதகர் ஆட்சேபணை உண்டா என்று கேட்கும்போது முன் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருங்கள். தொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.