தள்ளுவண்டி பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா

உலகத்தில் சாமான் வாங்குகிறவர்கள் உண்டு, வாங்காதவர்கள் உண்டு. இந்த இரண்டு பேராலும் யாருக்கும் பெரிய தொந்தரவில்லை. மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது: பார்த்துக்கொண்டே இருக்கிறவர். கடைக்குப் போவார், தொடுவார், தட்டுவார், யாரும் பார்க்காதபோது முகர்ந்தும் பார்ப்பார், கடைக்காரப் பெண்ணிடம் அவள் கேள்விப்படாத கேள்வியெல்லாம் கேட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று அவளை யோசிக்க வைப்பார், கடைசியில் "யோசிச்சுட்டு வர்றேன்" என்று வெறுங்கையோடு வெளியே வந்து, வாங்கிப் போகிறவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். செருப்பு வாங்கும் விஷயம் என்றால் போகட்டும். இந்த ரகத்தில் ஒருவர் அப்பாவாகிவிட்டால் என்ன ஆகும்? எனக்கு அதைக் கற்பனை செய்ய வேண்டிய சிரமமே இருக்கவில்லை. பக்கத்து வீட்டிலேயே நடந்தது.

பெயர் பிரெட்ரிக். கேமரன் மலையில் எங்கள் எஸ்டேட் தேயிலை பெக்டரியில் இயந்திரங்களைக் கவனித்துக்கொள்ளும் சூப்பர்வைசர். நான் அதே பெக்டரியில் லோரி ஓட்டுகிறவன். பெக்டரிக்கு மேலே, மேட்டில் இருக்கும் குவார்ட்டர்ஸில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் மெல்லிய சுவர். நல்ல மனிதர். குடிக்க மாட்டார், சத்தம் போட மாட்டார், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தானா ராத்தா டவுனில் இருக்கும் சர்ச்சுக்குப் போவார். ஆனால் கல்யாணமான புதிதில் ஒரு ரைஸ் குக்கர் வாங்குவதற்கு அவருக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. அதுவரை ஷாரன் பானையில் வடித்தாள்.

ஷாரன் அவர் மனைவி. பாலர் பள்ளி ஆசிரியை. கலகலப்பான பெண், அவள் வீட்டில் இருந்தால் அந்த மெல்லிய சுவர் எங்களுக்கு வரமாக இருந்தது. அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று கிளினிக்கில் சொன்ன அன்று சாயங்காலம் பிரெட்ரிக் என் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் மலர்ச்சி. வாழ்த்துச் சொல்லக் கையை நீட்டினேன். நீட்டிய கையில் அவர் தன் கைபேசியை வைத்தார்.

"அண்ணே, ஸ்ட்ரோலருக்கு மூணு சக்கரம் நல்லதா, நாலு சக்கரமா? நீங்க லோரி ஓட்றவரு, உங்களுக்குத் தெரியும்லா."

என் லோரிக்கு ஆறு என்றேன். அதையும் அவர் யோசிக்கத்தான் செய்தார்.

அன்று ஆரம்பித்தது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் அப்பாக்கள் பிள்ளையை உட்கார வைத்துத் தள்ளும் தள்ளுவண்டியைப் பனியில் தள்ளும் வீடியோ, மணலில் தள்ளும் வீடியோ, வேண்டுமென்றே சுவரில் மோதிப் பார்க்கும் வீடியோ எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் எனக்கும் அனுப்பினார். இங்கே ஏது பனி என்று கேட்டதற்கு, மூட்டம் இருக்கிறதே என்றார். மூட்டத்தில் எதிரே வரும் வண்டிக்குத் தெரிகிற மாதிரி ஒளிரும் பட்டை வேண்டும். எங்கள் மேட்டுப் பாதை சரிவு, அதனால் கைப்பிடியிலேயே பிரேக் வேண்டும். பாதையெல்லாம் குழி, அதனால் காற்றடித்த சக்கரம் வேண்டும். மழை சொல்லாமல் வரும், அதனால் கூரை முழங்கால் வரை இறங்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், இதில் எது தப்பு? ஒன்றும் இல்லை. இந்த ரகத்தினரின் ஆபத்தே இதுதான். அவர்கள் சொல்கிற ஒவ்வொன்றும் நியாயமாக இருக்கும்.

ஒருநாள் எஸ்டேட் தேநீர்க் கடைக்கு வந்திருந்த ஒரு வெளிநாட்டுக் குடும்பத்திடம் போய், ஒரு நிமிஷம் பிரேக்கை மட்டும் அமுக்கிப் பார்க்கிறேன் என்று கேட்டு அவர்கள் வண்டியை வாங்கினார். அமுக்கிப் பார்த்தவர் ஓட்டியும் பார்த்தார். வண்டிக்குள் அவர்கள் பிள்ளை இருந்தது. அந்த அப்பா தேயிலைச் சரிவில் துரத்திக்கொண்டு ஓடி வந்ததையும், பிரெட்ரிக் அவரிடம் அமைதியாக, திரும்பும்போது முன்சக்கரம் கொஞ்சம் உதறுகிறது என்று சொன்னதையும் பெக்டரியில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள்.

பெரிய கடைகள் இருக்கும் ஈப்போவுக்குப் புருஷனும் பெண்டாட்டியும் எத்தனையோ தடவை போனார்கள். குழந்தைத் துண்டில் சுற்றிய அரிசிப் பை ஒன்றும் கூடவே போகும். அதை ஒவ்வொரு வண்டியிலும் படுக்க வைத்து, வார் போட்டு, கடையைச் சுற்றித் தள்ளி வருவார். ஷாரன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு பால் புட்டிகள் அடுக்கியிருந்த அலமாரியில் சாய்ந்து நிற்பாள். கலரை மட்டும் நீ சொல் என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். அவள் நீலம் என்றாள். நீலம் வெயிலில் மங்கும் என்றார். கேமரன் மலையில், ஐயா. வெயிலில்.

பிள்ளை பிறந்தது. பையன், ஜோனத்தன். தள்ளுவண்டிதான் பிறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மிஸ்ஸி பிள்ளையைத் துணியில் சுற்றி அப்பாவிடம் நீட்டியபோது, பிரெட்ரிக் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கழுத்து நிற்கட்டும் என்றார். கழுத்து நின்றது. உட்காரட்டும் என்றார். எப்போதாவது ஷாரன் வலுக்கட்டாயமாக மடியில் வைத்தால், சுடுசோற்றுப் பாத்திரத்தைப் பிடிக்கிற மாதிரி விரல் நுனியால் பிடித்துக்கொண்டு, யாராவது வாங்கிக்கொள்ள வருகிறார்களா என்று வாசலைப் பார்ப்பார். பிள்ளை தூங்கிய பிறகு தொட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து கைபேசியில் சக்கரங்களைப் பார்ப்பார்.

"வண்டி வரட்டும், அப்புறம் வெளிய போலாம்." இதுதான் அந்த வீட்டின் சட்டமாயிற்று. மேட்டுப் பாதையில் மழைக்குப் பிறகு பாசி பிடித்துக் கிடக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் வழுக்கும். அதுவும் நியாயம்தான். ஆக, ஷாரன் ஊசி போடும் நாளைத் தவிர வேறெதற்கும் கீழே இறங்கவில்லை. சர்ச்சுக்கு அவர் மட்டும் போய் வந்தார். பிரிஞ்சாங்கில் தையல் கடை வைத்திருக்கும் அவள் அக்கா கேத்லீன், ஆளைத்தான் காணோமே என்று போனில் அழுதாள். எங்கள் பக்கத்துச் சுவர் வழியாக வந்துகொண்டிருந்த சிரிப்பும் பாட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோயின. என் மனைவி பாஞ்சாலை ஒரு நாள் காலையில் தேத்தூளைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பொண்ணு பெக்டரி சங்கு ஊதுனா அதுக்குப் பதில் சொல்லுது. நான் என் காதால கேட்டேன்."

அப்புறம் ஒருவழியாக வண்டி வந்தது. லோரி அளவு பெட்டி. பிரெட்ரிக் லீவு போட்டுவிட்டுப் பாகங்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். மூன்று சக்கரம், மூன்றிலும் காற்று, கைப்பிடியில் பிரேக், முழங்கால் வரை கூரை, ஒளிரும் பட்டை. சாம்பல் நிறம். அரிசிப் பையைப் படுக்க வைத்து மேட்டிலிருந்து இறக்கினார்; கீழே கையை விரித்துக்கொண்டு நான் நின்றேன். பிரேக் பிடித்தது, வண்டி நின்றது, அரிசிப் பைக்குச் சேதமில்லை. பாஞ்சாலை கை தட்டினாள். ஷாரன் உள்ளே ஓடிப்போய்த் தலை வாரி, நல்ல சட்டை போட்டு, பிள்ளைக்குத் தொப்பி மாட்டி, எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். அக்கா வீட்டுக்குத்தான்.

வண்டியை மடித்துத் தன் காடியின் டிக்கியில் வைக்கப் போனார் பிரெட்ரிக். போகவில்லை. சாய்த்து வைத்தார், கவிழ்த்து வைத்தார், சக்கரத்தைக் கழற்றி வைத்தார். பின்கதவு மூடவில்லை. வண்டியைப் பார்த்தார், காடியைப் பார்த்தார், மறுபடி வண்டியைப் பார்த்தார். பிறகு கைபேசியை எடுத்தார்.

"காடிய மாத்தணும் போல," என்றார். "பாத்துத்தான் வாங்கணும்."

நான் ஷாரனைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் தொப்பியைக் கழற்றினாள், உள்ளே போனாள்.

அடுத்த சனிக்கிழமை பிரெட்ரிக் வேலைக்குப் போயிருந்தார். நானும் பாஞ்சாலையும் எங்கள் காடியில் பிரிஞ்சாங் இரவுச் சந்தைக்கு, பசார் மாலாமுக்கு, கிளம்பிக்கொண்டிருந்தோம். ஷாரன் வந்தாள். பூப்போட்ட பாத்தேக் துணியில் பிள்ளையை நெஞ்சோடு கட்டியிருந்தாள். இடம் இருக்கிறதா என்று கேட்டாள். பாஞ்சாலை முன்சீட்டிலிருந்து இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தாள், அதுதான் பதில்.

கேத்லீன் கடையில் ஒரு பழைய தள்ளுவண்டி இருந்தது. அவள் பிள்ளைகள் உட்கார்ந்து வளர்ந்தது. இப்போது வெட்டுத்துணி போட்டு வைத்திருந்தாள். கூரை வெளுத்திருந்தது, ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. துணியைக் கொட்டிவிட்டு ஜோனத்தனை அதில் உட்கார வைத்தார்கள். அவன் கைகால்களை உதைத்துக்கொண்டு ஊரைப் பார்த்தான். ஊரும் அவனைப் பார்த்தது. அக்காவும் தங்கையும் கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போய், சோளம் வாங்கி, பூக்கடை முன்னால் நின்று கதை பேசி, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைச் சுவர் இல்லாமல் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

வீடு பூட்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அக்காவிடம்தான் போயிருப்பாள் என்று பிரெட்ரிக் வேலைச் சட்டையோடு வந்து சேர்ந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் முதலில் எதைப் பார்த்தார்? மனைவியையா? பிள்ளையையா? குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"இதுல பிரேக்கே வேலை செய்யல," என்றார். "இதுல எப்படி புள்ளைய வச்சே?"

ஷாரன் கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஸ்ட்ரோலரப் பத்தி எல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்க புள்ள எந்தப் பக்கம் தலைய சாய்ச்சுத் தூங்குவான்னு தெரியுமா?"

 நாங்கள் சோளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிரெட்ரிக் சக்கரத்தைப் பார்த்தபடியே, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்:

"கீழ போட்டுருவேனோன்னு பயமா இருக்கு, ஷாரன்."

"எனக்கும்தான் பயமா இருந்துச்சு. எந்த வீடியோவப் பாத்தேன்? தூக்கினேன்."

சொல்லாமல் வரும் மழை அப்போதும் சொல்லாமல்தான் வந்தது. எல்லாரும் கடைகளின் தார்ப்பாய்க்கு அடியில் ஓடினார்கள். ஷாரன் வண்டியைத் தள்ளினாள். சக்கரம் சாக்கடை மூடியின் கம்பிகளுக்குள் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. கேத்லீன் கையில் பைகள். பிரெட்ரிக் குனிந்தார். சக்கரத்தைத்தான் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். வாரைக் கழற்றிப் பிள்ளையைத் தூக்கினார். விரல் நுனியால் இல்லை. அள்ளி, சட்டைக்குள் அடக்கி, தலைக்கு மேல் கையைக் குடையாக வைத்துக்கொண்டு ஓடினார்.

தார்ப்பாய்க்கு அடியில் நின்றபோது அவருக்கு மூச்சு வாங்கியது. பிள்ளை அழவில்லை. இயந்திர எண்ணெய் நாற்றம் அடிக்கிற அந்தச் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டு அப்பா முகத்தையே பார்த்தது. மழை விட நேரமாயிற்று. கேத்லீன் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜோனத்தன் தூங்கிவிட்டான்.

"வலது பக்கம்," என்றார் பிரெட்ரிக், ஷாரனிடம்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு மழையைப் பார்த்தாள். தோள் குலுங்கியது, சிரித்தாளா அழுதாளா என்று நான் விசாரிக்கவில்லை.

இத்தோடு அவர் திருந்திவிட்டார் என்று நான் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். இந்த ரகத்தினர் திருந்துவதில்லை, விஷயத்தை மாற்றிக்கொள்வார்கள். காடியை மாற்றவில்லை, உண்மை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சர்ச், கிளினிக், கியா பார்ம் காய்கறிக் கடை என்று எங்கும் அலைகிறார், அதுவும் உண்மை. சாயங்காலம் பெக்டரி வாசலில் ஷாரன் கொண்டுவந்து கொடுத்தால் ராத்திரிச் சாப்பாடு வரை இறக்குவதில்லை. ஷாரன் வேலைக்குத் திரும்பிவிட்டாள். சனிக்கிழமைகளில் அக்கா வீடு. ஆனால் பிரெட்ரிக் இப்போது நல்ல பாலர் பள்ளி எது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். மனைவியே பாலர் பள்ளி ஆசிரியை என்பது அந்த விசாரணைக்கு எந்தத் தடையும் இல்லை. ஒரே வித்தியாசம், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு விசாரிக்கிறார். பிள்ளை கைபேசியைப் பிடுங்கிக் கீழே போடுகிறது. நல்ல பிள்ளை.

நீங்கள் இப்படியெல்லாம் கிடையாது என்கிறீர்கள். நம்புகிறேன். எதற்கும் உங்கள் கைபேசியை ஒருமுறை பாருங்கள். அப்புறம் வாங்கலாம் என்று சேர்த்து வைத்தது ஏதாவது இருக்கிறதா? அப்பாவுக்கு முழங்கால் பட்டையோ, மனைவி என்றைக்கோ கேட்ட குளிர்ச் சட்டையோ, பையனுக்கு சைக்கிளோ? விலை, விமர்சனம், நட்சத்திரம் எல்லாம் ஒப்பிட்டு முடிந்ததா? நல்லது. யாருக்காகப் பார்க்க ஆரம்பித்தீர்களோ அவர் அநேகமாகப் பக்கத்து அறையில்தான் இருப்பார். எழுந்து போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள். அதற்குள் தள்ளுபடி முடிந்துவிடாது.