இருபத்தொரு மில்லிமீற்றர் அயர்லாந்து

"இன்று மாலை ஐந்து மணிக்குக் குசினிக்குள் ஒருவரும் குறுக்கே நிற்கவேண்டாம். சரக்கு வண்டி வரும். மே 14, ஞாயிறு."

இப்படி ஒரு துண்டு என்னிடம் இருக்கிறது. பால் பெட்டியைக் கிழித்து, அதன் உட்பக்கத்தில் கறுப்புப் பேனையால் எழுதி, குசினிக் கதவில் ஒட்டியது. வருடம் போடவில்லை. மே பதினான்கு ஞாயிற்றுக்கிழமையில் விழுந்ததை வைத்து 2023 என்று நான் தீர்மானித்திருக்கிறேன். எழுதியவர் அயர்லாந்து அண்ணை. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் ஒரு நிமிடமும் பிந்தாமல் ஓடிய ஒரே வண்டி அவருடையதுதான் என்று எந்தச் சபையிலும் எழுந்து சொல்ல நான் தயார்.

அண்ணை அயர்லாந்துக்குப் போனவர் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து நேரே பலெர்மோவுக்கு வந்தவர். ஆனால் அந்த நாட்டின் எந்த எஞ்சின் எந்த வருடத்தில் என்ன நிறம் பூசியிருந்தது என்று கேட்டால், சோற்றுக் கையோடு இருந்தாலும் எழுந்து விளக்குவார். கேட்காவிட்டாலும் விளக்குவார்.

பலெர்மோவின் ஒரேத்தோப் பகுதியில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. முன் அறை, நடை, குசினி மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அண்ணை, மன்னாரைச் சேர்ந்த சூசை, நான் என்று மூன்று ஆண்கள். வாடகை ஒப்பந்தம் அண்ணையின் பெயரில் இருந்ததால் வீட்டின் நடுவால் ரெயில் பாதை போட அவருக்கு உரிமை இருந்தது. இடுப்பு உயரத்தில் பலகை அடித்து, முன் அறையிலிருந்து குசினி வரைக்கும் ஒரே ஓட்டமாகப் பாதை போட்டிருந்தார். நடையில் நாங்கள் வயிற்றை எக்கி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தோம். சூசை அந்த வருடம் மெலிந்ததற்கு வைத்தியர் வேறு காரணம் சொன்னார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இந்தப் பைத்தியம் தொற்றிய இடம் அதே நகரத்தின் பொலிதேயாமாப் பகுதி. அங்கே ஒரு வயோதிப வழக்கறிஞரை அண்ணை பராமரித்து வந்தார். கிழவருக்கு ஒரு அறை நிறைய மாதிரி ரெயில்கள். அவர் இறந்ததும் பிள்ளைகள் இத்தாலிய, ஜேர்மன் வண்டிகளைப் பங்கு போட்டார்கள். ஒரு பெட்டி மட்டும் மிஞ்சியது. அதற்குள் தோடம்பழ நிறத்தில் ஒரு ஐரிஷ் டீசல் எஞ்சினும் சில சரக்குப் பெட்டிகளும். அவற்றின் சக்கரங்கள் வீட்டில் இருந்த எந்தத் தண்டவாளத்திலும் உட்காரவில்லை. அதனால் குப்பைப் பையோடு கதவடிக்கு வந்துவிட்டன. அண்ணை கேட்டு வாங்கிக்கொண்டார். தண்டவாளமே இல்லாத எஞ்சினைப் பார்த்தால் தனக்கு என்னவோ செய்தது என்று பிறகு சொன்னார்.

காரணம் இதுதான். அயர்லாந்தின் ரெயில் பாதை ஐரோப்பாவின் பெரும்பாலான பாதைகளைவிட அகலம். கடைகளில் விற்கும் மாதிரித் தண்டவாளத்தின் இடைவெளி பதினாறரை மில்லிமீற்றர். சரியான கணக்குப்படி ஐரிஷ் பாதைக்கு இருபத்தொன்று வேண்டும். அயர்லாந்திலேயே பெரும்பாலானோர் அந்த நாலரை மில்லிமீற்றரைக் கண்டும் காணாமல் விட்டு, கடைத் தண்டவாளத்திலேயே ஓட்டுகிறார்கள். கிழவர் விடவில்லை, சக்கரங்களை இருபத்தொன்றுக்கே மாற்றி வைத்திருந்தார். அண்ணையும் விடவில்லை. தண்டவாளத்துக்குக் கீழே போடும் ஒவ்வொரு கட்டையையும் தானே வெட்டி, தண்டவாளத்தைத் தானே பற்றவைத்தார். "அகலப் பாதை, தம்பி. என்ன ஏத்தினாலும் சாயாது" என்பது அவர் வாயிலிருந்து தினமும் விழும் வசனம்.

இணையத்தில் ஐரிஷ் ரெயில் பிரியர்கள் கூடும் ஒரு தளம் உண்டு. அங்கே ஒருவர் போட்ட படத்தில் எஞ்சினின் முன் விளிம்பு நிறம் தவறு என்று அண்ணை எழுதினார். அந்த மனிதர் ஒப்புக்கொண்டு, மரியாதையாக, நீங்கள் அயர்லாந்தில் எந்த மாவட்டம் என்று கேட்டார். அண்ணை "ஒரேத்தோ" என்று பதில் போட்டார். அந்த மனிதர் வரைபடத்தில் எவ்வளவு நேரம் தேடினாரோ தெரியாது.

சூசைக்கும் அண்ணைக்கும் முதல் சண்டை வந்தது வெந்தயத்தால். அயர்லாந்தில் சீனி எடுக்கும் கிழங்கை ரெயிலில் ஏற்றுவார்களாம். அந்தக் கிழங்கை எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கினால் வெந்தயத்துக்கு மிக நெருங்கி வரும் என்று அண்ணை கண்டுபிடித்தார். ஒரு ஞாயிறு சூசை மீன் குழம்புக்கு வெந்தயப் போத்தலைத் திறந்தால் வெறும் போத்தல். எட்டுப் பெட்டிகளில் வெந்தயம் குவிந்து, பசை போட்டு ஒட்டியிருந்தது.

"அண்ணை, மனிசர் தின்னிற சாமானை ஏன் ரெயில்லை ஏத்திறியள்?"

"ரெயில்லை ஏத்திறதே மனிசர் தின்னிற சாமானைத்தான் சூசை" என்றார் அண்ணை, தலை நிமிராமல்.

அடுத்தது வெள்ளையடிப்பு. ஒருநாள் வேலையிலிருந்து வந்தால் வீட்டின் வலப்பக்கச் சுவர் முழுவதும் பளிச்சென்று இருந்தது. முன் அறையின் வலப்பக்க யன்னலுக்குப் புதுத் திரை, நடையில் பிள்ளையார் படம், குசினி மேசையில் பக்கத்துச் சியாகுல்லியில் விளையும் மந்தரின் தோடம்பழங்கள் ஒரு கோப்பை நிறைய. இடப்பக்கம் மட்டும் பழையபடி: ஈரம் ஊறிக் கறுத்த சுவர், கயிறு போட்ட சூட்கேசுகள், பலகைக்குக் கீழே அண்ணை படுக்கும் மெத்தை. வீட்டை நடுவால் பிரித்து ஒரு பாதிக்குக் கலியாணம் நடந்தது போல இருந்தது. பெயின்ற் முடிந்துவிட்டது என்றார் அண்ணை. வாளியில் பாதி இருந்ததை நான் பார்த்தேன்.

விளக்கம் சூசையின் மானத்தை வாங்கிக்கொண்டு வந்தது. ஒரு பின்னேரம் அவன் வெறும் மேலோடு, சாரத்தை மடித்துக் கட்டி, பாடிக்கொண்டு மீன் பொரித்தான். ஐந்து மணிக்குச் சரக்கு வண்டி குசினிக்குள் வந்தது. அதிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"சூசைத் தம்பியே? நல்லாப் பாடுறியள்."

சூசை குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போன வேகத்தை எந்த எஞ்சினும் எட்டாது.

யாழ்ப்பாணத்தில் இருந்த அண்ணையின் மனைவி, எங்கள் அண்ணியின் குரல் அது. தட்டையான இரண்டு பெட்டிகளுக்கு மேல் அண்ணை தன் போனைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நிறுத்தியிருந்தார். கமெரா வலப்பக்கம் பார்த்தது. யன்னல் ஓரம் இருக்கை பிடித்தவர் போல அண்ணி தினமும் எங்கள் வீட்டினூடாகப் பயணம் செய்துகொண்டிருந்தார். அங்கே இரவு எட்டரை, சாப்பாடு முடிந்த நேரம். வண்டி ஏன் பிந்துவதில்லை என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. அதன்பிறகு சூசை நாலரைக்கே சேர்ட் போட்டுத் தலை வாரிக்கொண்டு சமைத்தான்.

அண்ணியை இங்கே கூப்பிட விண்ணப்பம் போட்டபோதுதான் அண்ணை தன் வாழ்நாளின் பெரிய பிழையைச் செய்தார். வீடு இருவருக்குப் போதுமானது என்று சான்றிதழ் வேண்டும். அதற்கு வீட்டின் வரைபடம் வேண்டும். எங்கள் ஆட்கள் யாராவது ஒரு ஜியோமெத்ராவை, அதாவது நில அளவையாளரைப் பிடித்து வரைவிப்பார்கள். அண்ணை தானே வரைந்தார். மிக அழகான வரைபடம். கதவுப் பிடிகூடத் தெரிந்தது. ஆனால் பழக்கதோஷம், ஐரிஷ் எஞ்சின் வரையும் அதே அளவில், எழுபத்தாறில் ஒன்றாக வரைந்துவிட்டார். அளவை ஓரத்தில் குறிப்பிடவும் இல்லை. அலுவலகத்தில் எல்லோரும் நூறில் ஒன்றாகத்தான் வாசிப்பார்கள். அப்படி வாசித்ததில் எங்கள் குசினி கோயில் மண்டபம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வீட்டுப் பதிவில் இருப்பதும் வரைபடத்தில் இருப்பதும் பொருந்தவில்லை, ஆள் வந்து அளக்கும்வரை விண்ணப்பம் நிற்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

அண்ணை அன்று வெறுஞ்சோற்றைச் சாப்பிட்டார். இது பிசகினால் வேறு வீடு, புது ஒப்பந்தம், முதலிலிருந்து விண்ணப்பம். அண்ணி ஏற்கெனவே நெடுநாள் காத்திருந்துவிட்டார்.

அளக்க வரும் நாளுக்கு முன் பாதையைக் கழற்றச் சொல்லிச் சூசை மன்றாடினான். நடக்க இடமில்லாத வீட்டுக்கு யார் சான்றிதழ் தருவார்கள்?

"பின்னேரம் அவ ஏறுவா" என்றார் அண்ணை. "பாதையைக் கழட்டிப்போட்டு அவவை எங்கை இறக்கிறது?"

அலுவலகம் அனுப்பிய ஜியோமெத்ரா ஒரு புதன்கிழமை காலை வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். முன் அறைச் சுவரோடு நின்று லேசர் அளவுகோலை நீட்டினார். சிவப்புப் புள்ளி எதிர்ச் சுவரைத் தொடவில்லை. வழியில் பலகைமேல் நின்ற மாதிரி ஐரிஷ் சிக்னல் கூண்டில் விழுந்தது. அறையின் நீளம் ஒரு மீற்றர் எழுபது என்று கருவி காட்டியது. அதை அவர் உரக்க வாசித்தார். வரைபடத்தில் மாளிகை, கருவியில் புறாக்கூடு.

ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்து அண்ணை செய்த சிக்னல் கூண்டு அது. இரண்டு கையாலும் பிடித்து, பலகையோடு பிய்த்து எடுத்தார். திரும்பிப் பார்த்தால் ஜியோமெத்ராவைக் காணவில்லை. அவர் பலகைக்குக் கீழே முழங்காலில் இருந்தார்.

"தரையைத்தான் அளப்பது, சிஞ்ஞோரே" என்று கீழிருந்து குரல் வந்தது. "மேசைக்கு மேலே நீங்கள் எந்த நாட்டை வைத்திருந்தாலும் எனக்கு அலுவல் இல்லை."

பிறகு, அங்கே கிடந்த மெத்தையைப் பார்த்து, இதில் யார் படுப்பது என்று கேட்டார். சிக்னல் கூண்டைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு, "நான்" என்றார் அண்ணை. ஜியோமெத்ரா அதை எழுதவில்லை. தரை இருவருக்குத் தாராளமாகப் போதும் என்பதை எழுதினார்.

அண்ணி ஒக்டோபரில் வந்தார். நானும் சூசையும் அதற்குள் வேறு அறைக்குப் போயிருந்தோம். அன்று சாப்பாட்டுக்கு வந்திருந்தோம். செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் வழி காட்டாமலே, பலகையின் வலப்பக்கத்தால் அண்ணி நடந்தார். யன்னல் திரையைத் தொட்டார். பிள்ளையாரைக் கும்பிட்டார். குசினியில், "இது சூசைத் தம்பியின்ரை அடுப்பு" என்றார். சூசை சேர்ட் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டான்.

பிறகு திரும்பி மறுபக்கத்தால் வந்தார். கறுத்த சுவர். பலகைக்குக் கீழே சுருட்டி வைத்த மெத்தை. அதில் நடுவே அண்ணையின் முதுகளவுக்கு விழுந்த பள்ளம் சுருட்டியபின்பும் தெரிந்தது. அண்ணி அங்கே நின்றுவிட்டார்.

"இஞ்சருங்கோ. இந்தப் பக்கத்தை ஏன் ஒருநாளும் காட்டேல்லை?"

அண்ணை எஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "இடப்பக்கம் திருப்பி வைச்சா போன் சாய்ஞ்சுபோம்."

அண்ணி சுவரைப் பார்த்தார், மெத்தையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "அப்ப நாளைக்குப் பெயின்ற் வேண்டுவம். இந்தப் பக்கத்துக்கும்."

என் குறிப்புகளில் இது ஒன்றுதான் இன்னும் உறுதிசெய்யப்படாமல் கிடக்கிறது. அகலப் பாதையில் என்ன ஏற்றினாலும் சாயாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதர் அவர். போனை இடப்பக்கம் பார்த்து வைத்தால் அது உண்மையில் சாயுமா? ஞாயிறுகளில் சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்த இரண்டு தட்டைப் பெட்டிகளும் அங்கேயே நிற்கின்றன. போன் என் சட்டைப் பையில் இருக்கிறது. வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். நான் இதுவரை வைத்துப் பார்க்கவில்லை, பார்ப்பதாகவும் இல்லை.