டிராகன் மேல் போட்ட மனு

டிராகன் மேல் மனுப் போட்ட மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் செங்கல்பட்டு தாலுகா ஆபீஸ் வாசலில், எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சொந்தப் பெயர் என்னவென்று அந்த ஆபீசுக்கே தெரியாது. பென்ஷன் கேட்டு வரும் பெரியவர்கள் முதல் டவாலி போட்ட பியூன் வரை எல்லோருக்கும் அவர் ‘மனு அண்ணாத்த’. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்துக்கு எழுதத் தெரிந்தவர் என்றால் இவர்தான். இவர் எழுதுவார், அப்பா கைநாட்டு வைப்பார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகான வருடங்கள் அவை. நான் கலைக் கல்லூரியில் பி.காம். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், இவற்றையும் எங்களையும் சேர்த்து மேய்க்கும் ஒரு அக்கா. ஆறு கம்ப்யூட்டரிலும் ஒரே ஆட்டம்தான் ஓடும். எங்கெங்கோ இருப்பவர்கள் இணையத்தில் சேர்ந்து, ஆளுக்கொரு வேடம் எடுத்து, பூதம், டிராகன் என்று வெட்டி வெட்டி லெவல் ஏறுவது. ஆறு மாதம் காட்டுப்பன்றியை வெட்டினால்தான் ஒரு நல்ல வாள் கிடைக்கும். வெட்டினோம். அந்த உழைப்பைப் பாடத்தில் காட்டியிருந்தால் அந்தச் சென்டரிலிருந்து நான்கு கலெக்டர்கள் வந்திருப்பார்கள்.

ஒருநாள் ஜெராக்ஸ் எடுக்க வந்த அண்ணாத்த என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“இன்னா நைனா, டிராகன் கேமு டிராகன் கேமுன்றாங்களே, அது இதானா?”

“ஆமா அண்ணாத்த.”

“எனக்கும் ஒரு ஆளு போட்டுக் குடு. அடிதடி வேணாம், கேசாயிடும். வைத்தியம் பாக்கற ஆளு கீதா?”

இருந்தது. நாற்பத்தைந்து வயதில் அண்ணாத்த பச்சை அங்கி போட்ட வைத்தியர் ஆனார்.

டிராகன் குகை திறந்ததும் எல்லோரும் முட்டி மோதி உள்ளே பாய்வார்கள். அண்ணாத்தையின் வைத்தியர் மட்டும் வரிசையில் நிற்பார். வரிசை என்று ஒன்று அங்கே கிடையாது. அவர் ஒருவரே வரிசை. எங்கள் குழுவில் சேர வந்தவர்களிடம் விண்ணப்பம் கேட்டார். பெங்களூர்ப் பையன் ஒருவன் ‘தந்தை பெயர்?’ என்று கேட்டதுமே குதிரை ஏறி ஓடிவிட்டான். அடிபட்டவனுக்கு மருந்து போடுவதற்கு முன்னால், யார் அடித்தது, எந்த இடத்தில், பார்த்த சாட்சி உண்டா என்று விசாரிப்பார். விசாரணை முடிவதற்குள் அவன் செத்திருப்பான்.

ஒரே ஒருவனுக்கு மட்டும் விசாரணை கிடையாது. ‘மஸ்கட் சிங்கம்’ என்ற பெயரில் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் வருவான். அன்றைக்கு ஒரு மணி அடித்தால் அண்ணாத்த மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் இருப்பார். சிங்கத்தின் காலில் முள் குத்தினால்கூட மருந்து பறக்கும்.

“யோவ், அது பொம்பளையா? இப்டி உழுந்து உழுந்து வைத்தியம் பாக்கற!” என்பாள் அக்கா.

“போம்மா, உனுக்கு வேற வேலயில்ல” என்று சொல்லும்போது அண்ணாத்தைக்குக் காது சிவக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் கம்பெனி கை வைத்தது. அதுவரை கார்டு வாங்கினால் இத்தனை மணி நேரம் என்று கணக்கு. திடீரென்று, இனி ஆட்டம் இலவசம் என்றார்கள். சென்டரே விசிலடித்தது. மறுவாரம் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு கடை முளைத்தது. வாள், கவசம், இறக்கை, எல்லாம் காசுக்கு. படூர் அப்பார்ட்மெண்ட் பையன் ஒருவன் நேற்று சேர்ந்து, இன்று அப்பாவின் கிரெடிட் கார்டில் இறக்கை வாங்கிப் பறந்து வந்து, ஆறு மாதம் பன்றி வெட்டிய என்னை ஒரே போடாகப் போட்டான். அதிர்ஷ்டப் பெட்டி என்று ஒன்று விற்றார்கள். என் நண்பன் தன் பிறந்தநாள் காசில் மூன்று பெட்டி வாங்கித் திறந்தான். மூன்றிலும் சிவப்பு ரிப்பன். அதைப் போட்டு வைக்கப் பையில் இடமில்லை. பெரிய பை கடையில் கிடைக்கும் என்று திரையில் எழுத்து ஓடியது.

“பேஜாருடா மச்சான்” என்று அவன் மௌசைத் தூக்கிப் போட்டான்.

“அத ஒடச்சினா உன் ரிப்பன்ல தூக்கு மாட்டிடுவேன்” என்றாள் அக்கா.

அண்ணாத்த மட்டும் கோபப்படவில்லை. தாள் எடுத்தார். ‘பெறுநர்: உயர்திரு மேலாளர் அவர்கள். பொருள்: இறக்கை விற்பனையை ரத்து செய்யக் கோருதல், மற்றும் மேற்படி டிராகன் காசுள்ளவனிடம் மட்டும் உயிரை விடுவது தொடர்பாக.’ மூன்று பக்கம். கீழே கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டினார்.

“கம்பெனிக்கு எதுக்கு அண்ணாத்த ஸ்டாம்பு?”

“ஸ்டாம்பு இல்லாத மனுவ எவன் படிப்பான்? நீ படிச்ச புள்ள, இத்த அப்டியே இங்கிலீஷ்ல போடு.”

அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் மொழிபெயர்த்தேன். ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் போனது. கம்பெனியிலிருந்து ஈமெயில் வந்தது: தங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம், இந்த வாரம் இறக்கை வாங்கினால் ஒரு வால் இலவசம்.

ஒவ்வொருவராக ஆட்டத்தை விட்டுப் போனார்கள். குகை வாசலில் முட்டி மோத ஆளில்லை. அண்ணாத்தையின் வரிசையே பெரிய கூட்டமாகத் தெரிந்தது. ஒரு நாள் அறிவிப்பு வந்தது: இந்த மாதத்தோடு சர்வரை மூடுகிறோம். எனக்குப் பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது. அண்ணாத்த அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னார். பிறகு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

“மூடிட்டா அவன எங்க போய்ப் பாக்கறது நைனா?”

“யார?”

“என் தம்பிய.”

அப்போதுதான் சொன்னார். மாமல்லபுரத்தில் அப்பா விட்டுப்போன வீடு. பாகம் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் தகராறு. “ஒக்காந்து பேசிகினா முடிஞ்சிருக்கும். எனக்குப் பேச வராது நைனா, எழுதத்தான் வரும். கூடப் பொறந்தவன் மேலயே மனு எழுதிட்டேன். நல்லா வேற எழுதிட்டேன்.” தம்பி பாகமே வேண்டாமென்று மஸ்கட் போய்விட்டான். அண்ணன் குரல் கேட்டால் போனை வைத்துவிடுவான். அவனோடு தங்கியிருந்த ஊர்க்காரன் ஒருவன் லீவில் வந்தபோது, தம்பி இந்த ஆட்டத்தில் என்ன பெயரில் ஆடுகிறான் என்று சொல்லித்தான், சிங்கத்தைத் தேடிக்கொண்டு இந்தச் சென்டருக்கு வந்திருக்கிறார். “நான்தான்னு தெரிஞ்சா அங்கயும் வராம பூடுவான்.”

தனி மனுவுக்கு மதிப்பில்லை, ஊர் மனுவாகப் போட வேண்டும் என்று முடிவு செய்தார். கையெழுத்துப் போட ஆட்டக்காரர்கள் யாரும் மிச்சமில்லை. அதனால் பென்ஷனுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் மைப்பெட்டியை நீட்டினார்.

“இன்னாத்துக்குப்பா இது?” என்றார் ஒரு பெரியவர்.

“ஒரு கோட்டைய மூடறாங்க பெர்யவரே.”

“கோட்டையப் போயி மூடுவானுங்களா? குடு” என்று இரண்டு கட்டைவிரலையும் வைத்தார்.

டிராகனை வாழவிடக் கோரி நாற்பது கைநாட்டுகள் போயின. ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. சென்டரில் அண்ணாத்த, நான், அக்கா, மூன்று பேர்தான். திரையில் வைத்தியரும் சிங்கமும் ஆளில்லாத குகை வாசலில் நின்றார்கள். அண்ணாத்த தட்டினார், அழித்தார், தட்டினார். முக்கால் மணி நேரம் கழித்து ‘நான் உங்கண்ணன்’ என்று வந்து நின்றது. அனுப்பும் பட்டன் பக்கம் விரல் போகவில்லை.

“நீ அமுக்கு நைனா.”

“நீங்களே அமுக்குங்க அண்ணாத்த.”

“ஒரு பட்டன அமுக்க ரெண்டு ஆம்பளைங்களா?” என்று பின்னாலிருந்து எட்டி அக்கா அமுக்கிவிட்டாள்.

சிங்கம் அசையவில்லை. பிறகு எழுத்து வந்தது.

‘தெரியும்.’

‘எப்போலேந்து?’

‘மொத மாசத்துலேந்து.’

‘இன்னாத்துக்குடா சொல்லல?’

‘சொன்னா நீ வெக்கப்பட்டுகினு வராம பூடுவ.’

கொஞ்சம் கழித்து, ‘அண்ணி எப்டி கீது?’ என்று வந்தது. அண்ணாத்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வரியில் தம்பியின் புது போன் நம்பர் வந்தது. நான்தான் அவருக்காக அதைக் குறித்துக்கொண்டேன்.

சொன்னபடியே சர்வரை மூடினார்கள். ஊர் மனு என்ன ஆனதென்று இன்றுவரை தகவல் இல்லை. அதன் பிறகு வெள்ளிக்கிழமை மதியங்களில் அண்ணாத்தையை எஸ்.டி.டி. பூத்துக்குள் பார்க்கலாம். பேச வராது என்றவர், சாப்பாட்டு நேரம் முடிந்தும் வெளியே வர மாட்டார். மனு எழுத வந்தவர்கள் மேசைக்கு முன்னால் நின்று, சலித்து, வேறு ஆளைத் தேடிக் கிளம்புவார்கள். அவர்கள் போய்விடாமல், “இதோ வந்துடுவாருங்க” என்று சொல்லிக்கொண்டு அந்த மேசையருகில் நான் நிற்பேன். பி.காம். முடித்து முதல் வேலை கிடைத்தபோது, வெள்ளிக்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.