டி ட்ரைவின் வரம்பை வெட்டிய மாப்பிள்ளை

புது மாப்பிள்ளையைச் சும்மா உட்கார வைத்திருப்பது ஒரு வீட்டுக்குப் பெரிய ஆபத்து. இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த ஆபத்தே நான்தான்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் எங்கும் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டில் குடியேறுவான். அங்கே அவனுக்கு ஒரு வேலையும் கொடுக்க மாட்டார்கள். கிணற்றடிக்குப் போனால் வாளியைப் பறித்துக்கொள்வார்கள். தேங்காயைத் தொட்டால், "ஐயோ, மாப்பிள்ளைட கை!" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வரும். சம்மாந்துறை வயலில் வரம்பு கட்டி வளர்ந்த நான், கல்முனைக்குடியில் என் மாமியார் வீட்டுக் கதிரையில் இறைச்சிக் கறியும் வட்டிலாப்பமுமாக ஊதிக்கொண்டிருந்தேன். வயிறு நிறைந்தது. கை அரித்தது.

அரித்த கைக்கு அகப்பட்டது ஹோல் மூலையில் இருந்த பழைய கம்பியூட்டர். பின்பக்கம் பூசணிக்காய் போலத் துருத்திய மொனிட்டர், அதன் மேல் பூப்போட்ட துணி. சுவிட்சைப் போட்டால், நாம் ஒரு பிளேன்டி குடித்து முடித்த பிறகுதான் முகத்தைக் காட்டும். காட்டியதும் மூலையில் ஒரு மஞ்சள் குமிழ் எழும்பி, 'சி ட்ரைவில் இடம் இல்லை' என்று முறையிடும். மூடினால் திரும்ப வரும். கல்யாண வீட்டில் கறி பத்தவில்லை என்று வந்து வந்து சொல்லுகிற சமையற்காரனைப் போல.

"இத நான் சரியாக்கித் தாறன்" என்றேன்.

என் மனைவி நஸ்ரின் பதறிவிட்டாள். "அதத் தொடாதீங்க. அதுக்குள்ள வாப்பா இரிக்காரு."

உண்மைதான். என் மாமனார் எங்கள் கல்யாணத்துக்கு முந்தியே மவுத்தாகிவிட்டார். நான் அவரைக் கண்டதே இல்லை. வீட்டில் இருந்த படங்களையெல்லாம் சுனாமி கொண்டுபோய்விட்டது. அவர் நடமாடும் காட்சி என்று மிச்சமிருந்தது, நஸ்ரினுடைய ராத்தாவின், அதாவது அக்காவின், கல்யாண வீடியோ ஒன்றுதான். அதன் சீடி உப்புக் காற்றில் பூஞ்சணம் பிடித்துப்போக, கடைசிப் பிரதி அந்தக் கம்பியூட்டரின் டி ட்ரைவில் கிடந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மாமி அதன் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவா. கல்யாண ஒப்பந்தமான காவின் எழுதும் இடத்தில் மாமா மாப்பிள்ளையின் கையைப் பிடிப்பார். அந்த இடம் வந்ததும் மாமி தலைச்சீலையை இழுத்துச் சரிசெய்வா. (அவர் பார்க்கிறார் என்ற எண்ணம்போல.)

நான் விடவில்லை. மாமியைக் கூப்பிட்டு விளக்கம் கொடுத்தேன். "மாமி, ஒரு காணியில ரெண்டு வயல் எண்டு வெச்சிக்கங்க. இந்தப் பக்கம் சின்ன வயல், சி. நெல்லு நெருக்கிட்டு நிக்கிது. அந்தப் பக்கம் பெரிய வயல், டி. பாதி தரிசு. நடுவுல வரம்பு. வரம்ப வெட்டி விட்டா ரெண்டும் ஒரே வயல்தானே?"

"வரம்பு வெட்டினா பயிருக்கு ஒண்டும் ஆகாதா?"

"பயிர் எங்க மாமி போகும்? நிண்ட இடத்திலயே நிக்கும்."

மாமி யோசித்தா. "எனக்கு இதெல்லாம் விளங்காது மருமகன். மாமா அதுக்குள்ள இரிக்காரு. பாத்துச் செய்யுங்க."

பார்த்துத்தான் செய்தேன். டிஸ்க்கைப் பிரித்துக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். சி, டி இரண்டும் நீலத் தலைப்போடு பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, எங்கள் காணி வரைபடம் மாதிரியே. டியைத் தொட்டு, பார்ட்டிஷனை அழி என்று அமுக்கினேன். 'இதிலுள்ள எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. இந்த மாதிரி எச்சரிக்கை சிகரெட் பெட்டியிலும்தான் இருக்கிறது, யார் நின்றார்கள்? ஓம் என்றேன்.

நீலம் போய்க் கறுப்பு வந்தது.

வரம்புதான் போகும் என்று நினைத்தேன், வயலே போய்விட்டது. போனது போகட்டும், அந்த நிலமாவது சிக்கு வந்து சேர்ந்ததா என்று பார்த்தால் அதுவும் இல்லை. அந்தப் பழைய விண்டோஸில் சியை அப்படி நீட்டவே முடியாதாம். (பிறகு படித்தேன். எல்லாவற்றையும் பிறகு படிப்பதுதான் என் வழக்கம்.) பயத்தில் இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தேன். கறுப்பு இடத்தில் புதிதாக ஒரு டியை உண்டாக்கி ஃபோர்மட்டும் அடித்துவிட்டேன். திரும்ப டி வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

அன்று வியாழக்கிழமை.

மறுநாள் ஜும்ஆ முடிந்து பள்ளியால் வந்தபோது மாமி கதிரையைப் போட்டுத் தயாராக இருந்தா. "மருமகன், வீடியோவப் போடுங்க."

"கரண்ட் காணாது மாமி" என்றேன். தலைக்கு மேல் காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது. மாமி காற்றாடியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. எழும்பிப்போய் எனக்குச் சோறு போட்டா. அன்றும் கோழிக்கால் என் சோற்றுக் கோப்பையில்தான் விழுந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. சாப்பிடாமல் எழும்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நஸ்ரின் அழுதாள். பக்கத்து வீட்டிலிருந்து ராத்தா ஓடிவந்து, "தங்கச்சிட மாப்பிள்ள படிச்சவரு எண்டெலுவா சொன்னீங்க!" என்று கத்தினா. மாமி மட்டும் மெதுவாகக் கேட்டா: "வரம்பத் திரும்பக் கட்ட ஏலாதா, மனே?"

மருமகனாய் இருந்தவனை மகனாக்கிய அந்த 'மனே'தான் என்னை எழுப்பியது. டொங்கிளைச் செருகி இணையத்தில் தேடினேன். அழிந்தது உடனே அழிவதில்லை, அதன் மேல் வேறு எதையும் எழுதாவிட்டால் மீட்கலாம் என்று போட்டிருந்தது. நான் பொறுமையில்லாமல் சுருக்கமான ஃபோர்மட் அடித்திருந்தபடியால் உள்ளே கிடந்தது இன்னும் கிடக்குமாம். (என் அவசரம் ஒரு வீட்டுக்கு நன்மை செய்தது அந்த ஒரு தடவைதான்.) கூட்டாளி ஒருவனிடம் வெளியில் செருகும் டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து, மீட்கும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டேன். குடும்பமே பின்னால் பாய் போட்டு உட்கார்ந்தது.

பின்னேரமாகும்போது படங்கள் வரத் தொடங்கின. பெயர் இல்லை, வெறும் இலக்கம். புரோகிராமுக்கு எது வேண்டியது, எது வேண்டாதது என்று தெரியாது. அந்த வீட்டில் எப்போதோ அழித்ததையெல்லாம் தோண்டி எடுத்தது. முதலில் வந்தது கோட் போட்ட ஒரு இளைஞன்.

"இது ஆரு?" என்றா மாமி, கண்ணைச் சுருக்கி.

"ஒலுவில் என்ஜினியர்" என்றா ராத்தா, வாய் தவறி.

அடுத்தது கண்ணாடி போட்ட ஒருவர். "இது நிந்தவூர் மாஸ்டர் எலுவா? உம்மா, இவருக்குத்தான் சீனி வருத்தம் எண்டு சொன்ன" என்றா ராத்தாவே.

எனக்கு மெதுவாக விளங்கியது. நஸ்ரினுக்குத் தரகர் கொண்டுவந்த மாப்பிள்ளைமாரின் படங்கள்! ஊருக்கு ஒருவராக எழும்பி வந்தார்கள். அட்டாளைச்சேனை வந்தது, மாவடிப்பள்ளி வந்தது. நஸ்ரின் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "மூடுங்க, மூடுங்க" என்றாள். மாமியோ ஒவ்வொருவரையும் நின்று நிதானித்துப் பார்த்தா. "நல்ல புள்ள. உயரம்தான் கொஞ்சம் கூட."

கடைசியில் ட்ராக்டரில் சாய்ந்து, இரவல் கோட்டோடு ஒருவன். நான்!

"என்ட படத்தையும் அழிச்சியா?" என்று கேட்டேன்.

"அசலே வீட்டுக்க வந்து குந்திட்டு. படம் என்னத்துக்கு?" என்றாள் நஸ்ரின், முந்தானைக்குள்ளிருந்து.

சிரிப்பெல்லாம் கல்யாண வீடியோவைத் திறக்கும்வரைதான். பெரிய ஃபைல். துண்டு துண்டாகச் சிதறிவிட்டிருந்தது. பச்சைக் கட்டங்கள் ஓடின, பிறகு படம் நின்றது. எப்படித் திறந்தாலும் அவ்வளவுதான். மாமி தலைச்சீலையை இழுத்துவிட்டா. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மிச்சமிருந்தது ஒரு சின்ன வீடியோ. வேலையில்லாமல் அதை அமுக்கினேன். முதலில் சீமெந்துத் தரை. பிறகு ஒரு செருப்பு, ஒரு சாரன் கரை. கமெரா ஆடியது. திடீரென்று திரை முழுக்க ஒரு நரைத்த தாடி. தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கரகரத்த குரல்:

"தெரியாட்டித் தொடாதீங்க, மருமகன். வெச்சிட்டு வாங்க, சோறு ஆறுது."

"வாப்பா!" என்றாள் நஸ்ரின், முந்தானையை விலக்கி.

"மச்சான் கமெரா பழகக்க எடுத்தது" என்றா ராத்தா மெதுவாக, தன் மாப்பிள்ளையைச் சொல்லி. "சரி வரல்லெண்டு அப்பவே அழிச்ச."

முதலில் சிரித்தது மாமிதான். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தா. பிறகு அது அழுகையாகி, திரும்பச் சிரிப்பாகியது. "கல்யாண வீடியோவில பாட்டுத்தான் மனே போட்டிருந்த. இவர்ட குரல் இல்ல" என்றா. "திரும்ப ஒருக்காப் போடுங்க." பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன். மூத்த மருமகனுக்குச் சொன்னதுதான். ஆனாலும் காணாத மாமனார் என்னை மருமகன் என்று கூப்பிட்டுப் பேசியதாகவே நான் வைத்துக்கொண்டேன்.

வருடங்கள் கழிந்தும் அந்தத் துண்டு எங்கள் எல்லோருடைய கைபேசியிலும் இருக்கிறது. இப்போதெல்லாம் தேங்காய் உரிப்பதும் தண்ணீர் அள்ளுவதும் நான்தான். மற்ற எதிலாவது கை வைத்தால், வீட்டில் ஒருவர் விடாமல் அதைச் சொல்லுவார்கள். போன கிழமை குறடும் கையுமாகத் தண்ணீர் மோட்டரைக் கழற்றக் குந்தினேன். முதுகுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். திரும்பினால் என் சின்ன மகள். வாப்பும்மாவையும் தெரியும், உம்மம்மாவையும் தெரியும்; உம்மாவின் வாப்பாவை அவள் கண்டதில்லை. ஆனால் அதே கரகரப்பு, அதே இழுவை:

"தெரியாட்டித் தொடாதீங்க, மருமகன்."

கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.