சிங்கப்பெருமாள் கோயில் ஏசுதாசர் தலையில்லாக் கணினியோடு பொருத படலம்

வாழ்க! சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டுக்குக் கிழக்கே மூன்றாம் தெருவின் திலகம், எட்டு மணி நேர ஷிப்டு முடித்து வந்தும் தளராத தோளன், லினக்ஸ் கட்டளைகளைக் கண்மூடித் தட்டவல்ல கட்டைவிரலன், ஏசுதாசர் வாழ்க! கீபோர்டும் மவுசும் மானிட்டரும் கோழைகளின் ஊன்றுகோல் என்று சென்ற மாதம் சூளுரைத்து, அம்மூன்றையும் பக்கத்து வீட்டு ஜான்சனுக்கு வாரி வழங்கி, சோப்பு டப்பா அளவேயான தம் கணினியை முண்டமாய்ப் பரண்மேல் ஏற்றி, வைஃபை வழியே போனிலிருந்தே அதை ஏவல்கொண்ட வள்ளல் அவர்.

அந்த முண்டத்தின் வயிற்றில்தான் கைக்குழந்தை சிநேகாவின் ஞானஸ்நான வீடியோ இருந்தது. வேறு பிரதி கிடையாது. கடலை பிடுங்கும் வேலையால் அன்று வரமுடியாத மைத்துனர் சாம், அதை டிவியில் காணவென்றே அச்சரப்பாக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சோபாவில் சம்மணமிட்டு வீற்றிருந்தார். மனைவி ரெபேக்காள் போர்முரசு அறைந்தாள்:

"அஞ்சு மணி பஸ்ஸுக்கு எங்கண்ணன் கெளம்பிடும். அதுக்குள்ள படம் ஓடல, அந்த டப்பா பழைய இரும்புக்காரனுக்குத்தான். சொல்லிட்டேன்!"

டப்பாவோ பேசவில்லை. ஏன் பேசவில்லை? கேளுங்கள் அந்தக் கொடுமையை. தயிருக்கு உறை கேட்பதுபோல் மதில்மேல் எட்டிப் பார்த்து ஜான்சன் கேட்க, உறை ஊற்றுவதுபோலவே ரெபேக்காள் வைஃபை பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தாள். அன்று காலை அவ்வுண்மை அறிந்த ஏசுதாசர், கண் சிவக்க, மீசை துடிக்க, இருபது எழுத்தில் புதிய பாஸ்வேர்டு புனைந்து, கோட்டைக் கதவை அறைந்து சாத்தினார். டிவிக்கு ரிமோட்டால் அதை ஓதினார். பரண்மேல் இருந்த முண்டத்துக்கு மட்டும் ஓதவில்லை. ஓதுவதற்கு அதற்குத்தான் கீபோர்டு இல்லையே! அது பழைய பாஸ்வேர்டையே சொல்லிச் சொல்லி, வாசலில் நின்று, தட்டிக்கொண்டே இருந்தது.

இதை அறியாத வீரர் முக்காலிமேல் பாய்ந்தார். ஒட்டடைப் படையைக் கிழித்தார். மும்முறை மின்சாரத்தை அணைத்துப் போட்டார். பச்சை விளக்கு மினுக்கியது. போனில் விடுத்த கட்டளைக் கணைகள் அனைத்தும் வெறுங்கையோடு திரும்பின. லேன் கேபிளால் வைஃபை பெட்டியோடு கட்டி இழுப்போம் எனத் தேடினால், அந்நெடுங்கயிறு இரு முனையும் நறுக்கப்பட்டு, மொட்டைமாடியில் துணிக்கொடியாகி, பஸ்ஸில் கறைபட்டு அலசிப்போட்ட மைத்துனரின் வேட்டியையே தாங்கி நின்றது.

"இன்னா மாப்ள, ரிப்பேரா கீதா?" என்றார் சாம், நான்காவது முறுக்கைக் கடித்தபடி. வேலெறிந்த புண்கூட அப்படி எரிந்திருக்காது.

வேர்வை ஆறாக, முக்காலி ஆட, மணி நாலரை ஆனபோதுதான் தம் கையே தம்மை வீழ்த்திய கதை அவருக்கு விளங்கியது. அதே கணத்தில் மதிலுக்கு அப்பாலிருந்து ஜான்சனின் குரல் எழுந்தது:

"அண்ணாத்த, காலைலேர்ந்து நெட்டு புட்டுக்கிச்சி. மேட்ச் பாதியில நிக்கிது. உங்க வூட்லயும் அப்டித்தானா?"

அந்தோ! கீபோர்டை இரவல் கேட்டு எதிரியின் வாசலில் நின்றால், "எதுக்கு அண்ணாத்த?" என்ற ஒற்றை வினாவில் காலையில் செய்த சூழ்ச்சி வெளிப்படும். கேளாவிடில் ஐந்து மணிக்கு மைத்துனரும் போவார், டப்பாவும் போகும். மானமா, முண்டமா என்று மண்டை இருபுறமும் இடிபட, ஈரேழுலகும் தம்மையே நோக்குவதாய் நடுங்கி, சிலுவைக் குறியிட்டு, நெடுமூச்செறிந்து, முக்காலியிலிருந்து இறங்கி, போனைக் கையில் ஏந்தினார் அந்த மாவீரர்.

பழைய பாஸ்வேர்டையே திரும்பப் போட்டுவிட்டார்.