ஏழாவது இடம்

கண்டதைக் கண்டபடி எழுதி வைக்கிற ஒருவன் நடமாடும் வீட்டில் யாரும் எதையும் ஒளித்து வைக்கக் கூடாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். ஒளித்தவர் நானல்ல, எழுதியவன் நான்.

பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். இத்தாலியின் பலெர்மோ நகரில் நான் ஏறிய பஸ் எத்தனை நிமிடம் பிந்தி வந்தது என்பதுகூட அதில் இருக்கும். (பிந்தாமல் வந்த நாட்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கினேன். அது இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது.) ஆகவே நாற்பத்தோராவது வயதில் கணினி விளையாட்டுச் செய்யும் ஆசை பிடித்தபோது, என்னிடம் கற்பனை இல்லை, குறிப்புகள்தான் இருக்கின்றன என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது.

லிபெர்த்தா வீதியில் சின்யோரா ரோசாலியா என்ற எண்பத்திரண்டு வயது அம்மையாரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் ஓய்வு. இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை வைத்துக்கொண்டு, பதினான்கு மாதத்து வியாழக்கிழமைகளைச் செலவழித்து ஒரு விளையாட்டைச் செய்து முடித்தேன். ஒரு சின்யோரா மத்தியானம் நித்திரை கொள்கிறார். அவர் எழும்புவதற்குள் வேலைக்காரன் வீட்டைத் துப்புரவாக்க வேண்டும். களைத்துப் போனால் தின்று பலம் பெற ஆறு இடங்களில் இனிப்பு ஒளிந்திருக்கும். அவ்வளவுதான் விளையாட்டு.

அந்த இனிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதாம் மாவைப் பழங்களாக உருட்டி நிறம் தீட்டி விற்பார்கள். இந்த ஊரில் அது பேர்போனது. சின்யோராவுக்கோ நீரிழிவு. மருந்துக்கடை வைத்திருக்கும் அவருடைய மகள் பாவ்லா, இனிப்பு இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று எழுதி பிரிட்ஜில் ஒட்டியிருந்தார். ஆனாலும் தாண்டியது. யார் கொண்டுவந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. எங்கே போனது என்பது தெரியும். தூசி தட்டுகிறவனுக்குத் தெரியாத மூலை உண்டா? தையல் பெட்டி, காலஞ்சென்ற கணவரின் தொப்பிப் பெட்டி, பியானோவின் வயிறு. சாப்பாட்டு மேசைக் கிண்ணத்தில், மெழுகுப் பழங்களுக்கு நடுவில், மெழுகல்லாத ஒரு பீச் பழம். ஒவ்வொன்றையும் நான் கண்டுபிடிக்கும்போது சின்யோரா விரலை உதட்டில் வைத்து ஒரே வசனத்தைச் சொல்வார்: "மகளுக்குத் தெரிய வேண்டாம்."

நான் சொல்லவில்லை. நான்கு வருடமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

விளையாட்டிலும் எச்சரிக்கையாகவே இருந்தேன். சின்யோராவின் பெயரை மாற்றினேன். வெள்ளை முடியைக் கறுப்பாக்கினேன். கண்ணாடியைக் கழற்றினேன். வீட்டை மட்டும் அப்படியே விட்டேன். நடைவழியை அளவுநாடா பிடித்து அளந்திருந்தேன். அளந்த பிறகு எப்படி மாற்றுவது?

முடித்ததும் மனைவி சுகந்திக்குக் காட்டினேன்.

"இது உங்கட சின்யோரான்ர வீடெல்லே?"

"ஒருத்தருக்கும் விளங்காது."

"எனக்கு விளங்கீட்டுது."

"நீர் அங்கை வந்திருக்கிறீர்."

"அப்ப அவவின்ர சொந்தக்காரர் ஒருத்தரும் அங்கை வந்ததில்லையோ?"

'சுகந்தி தேவையில்லாமல் கதைத்தாள்' என்று அன்றைய பக்கத்தில் இருக்கிறது.

பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்துத் தெருவில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, பொழுதுபோக்காக விளையாட்டுச் செய்கிறவர்கள் கூடுவார்கள். நாலைந்து மாணவர்கள், ஒரு பல்வைத்தியர், ஒரு தபால்காரர் என்று இருபது பேர் வரை தேறும். ஒருவர் செய்ததை இன்னொருவர் பெரிய திரையில் விளையாட, மற்றவர்கள் குறை சொல்வார்கள். ஒக்டோபர் மாதத்து முறை என்னுடையது. நான் சும்மா இருந்திருக்கலாம். பெருமை பொறுக்காமல் சின்யோராவை அழைத்தேன்.

"முழங்கால் விடாது," என்றார் சின்யோரா. "பாவ்லாவை அனுப்புகிறேன்."

அடுத்த மாதம் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்குப் போய், இங்கே தங்குவதற்கான அனுமதியான எங்கள் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அதற்கு வேலை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பவர் பாவ்லா. அந்த நேரத்திலாவது புத்தி விழித்திருக்க வேண்டும். என் புத்தி அப்போது எந்தச் சட்டை போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு பின்னேரம் நாலு இருபதுக்கு, கூட்டத்தை நடத்தும் சால்வோ விளக்கை அணைத்தார். "இதெல்லாம் பழக்கமில்லாத ஒருவர் விளையாடினால்தான் குறை தெரியும். யார் வருகிறீர்கள்?"

எனக்கு மரியாதை செய்கிற எண்ணத்தில் பாவ்லா கையை உயர்த்தினார்.

என் விளையாட்டில் ஒரு குறை உண்டு. முதல்முறை விளையாடுகிறவர்கள் குளியலறைக்கு வழி தெரியாமல் சாமான் அறைக்குள் போய் முட்டுவார்கள். பாவ்லா முட்டவில்லை. நேரே போனார், வாளியை எடுத்தார், திரும்பினார்.

"கெட்டிக்காரி," என்றார் பல்வைத்தியர்.

"அந்த வீட்டிலேயே பிறந்தவர் மாதிரி," என்றார் சால்வோ.

அந்த வீட்டிலேயேதான் பிறந்தார். நடு அறையில், ஒரு செவ்வாய்க்கிழமை. (சின்யோரா சொல்லிக் குறித்து வைத்திருக்கிறேன்.)

வாசலில் குடை வைக்கும் சாடியைக் கண்டதும் பாவ்லா நின்றார். சாடியின் விளிம்பு உடைந்திருந்தது. அதை ஏழு வயதில் உடைத்தவர் அவரே என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. திரும்பி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சாப்பாட்டு மேசைக்குப் போய்க் கிண்ணத்தைத் தொட்டார். திரையின் மூலையில் எண் எழும்பியது: ஆறில் ஒன்று.

பாவ்லா கைப்பையைக் கீழே வைத்தார். கோட்டைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு வீட்டைத் துப்புரவாக்குகிற வேலையை அவர் செய்யவே இல்லை. ஒவ்வொரு பெட்டியாக, ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்தார். சபை உற்சாகமாகிவிட்டது. "பியானோவைப் பார்", "மேல்தட்டு, மேல்தட்டு" என்று இருபது பேர் வழி சொன்னார்கள். ஐந்தாவது கிடைத்தபோது தபால்காரர் எழுந்து நின்றார். ஆறாவது குளிர்காலச் சப்பாத்துக்குள் கிடைத்தது. திரை கறுத்து, நானே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அழகான எழுத்தில் கடைசி வசனம் வந்தது:

"மகளுக்குத் தெரிய வேண்டாம்."

சபை கைதட்டியது. முடிவு மிக நன்றாக இருப்பதாக சால்வோ சொன்னார். பாவ்லா கோட்டைப் போட்டுக்கொண்டு, "நாளைக்கு எட்டு மணிக்கு நானும் அங்கே இருப்பேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் சுகந்தி கேட்டாள். "எப்பிடிப் போச்சுது?"

"எல்லாரும் நல்லாக் கை தட்டினவை."

"அவவின்ர மகள்?"

"அவதான் வெண்டவ."

சுகந்தி கையை நீட்டினாள். பிறகு, "பெர்மெஸ்ஸோத் தாளெல்லாத்தையும் இஞ்சை தாங்கோ. இனி அது என்னட்டை இருக்கட்டும்," என்றாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குப் போனபோது சாப்பாட்டு மேசையில் ஆறு பாதாம் பழங்கள் வரிசையாக இருந்தன. ஒரு பக்கம் பாவ்லா. மறுபக்கம் சின்யோரா, முத்துமாலையோடு.

"நான்கு வருடமாக இங்கே இருக்கிறீர்கள்," என்றார் பாவ்லா. "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை."

"அவனை ஏன் ஏசுகிறாய்?" என்றார் சின்யோரா. "அவன் உனக்கு மட்டுமா சொல்லவில்லை? ஒருவருக்கும் சொல்லவில்லை. ஊருக்குப் படம் போட்டுத்தான் காட்டினான்."

(இது எனக்குச் சார்பான வாதம் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது.)

பாவ்லா பழங்களைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். "இவரை அனுப்பிவிட்டால் மறைக்கத் தெரிந்த ஒருவர் வருவார்," என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "ஒப்பந்தத் தாளைக் கொண்டுவாருங்கள்."

ஒரே நிபந்தனை. ஞாயிறுதோறும் பாவ்லா தன் கையால் ஒரு துண்டு இனிப்புக் கொண்டுவருவார். அதற்கு மேல் கிடையாது. 'சின்யோரா உடனே சம்மதித்தார்' என்று அன்று எழுதினேன். 'உடனே' என்பதன் கீழ் கோடு போட்டிருக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து விளையாட்டை இணையத்தில் எல்லோரும் எடுத்து விளையாடும்படி போட்டேன். பதினொரு பேர் எடுத்தார்கள். ஒருவர் கருத்து எழுதினார். பெயர், சின்யோராவின் காலஞ்சென்ற கணவருடையது. சீட்டு விளையாடுவதற்கு சின்யோராவுக்கு டேப்லெட்டைப் பழக்கியவன் நானே. கடைச் சாமான் எழுதும் துண்டுச்சீட்டில் சின்யோரா எழுதுவதுபோல, சொல்லுக்குச் சொல் முற்றுப்புள்ளி:

"வீடு. சரி. பியானோ. சரி. இனிப்பு. ஆறு. இல்லை. ஏழு."

பாவ்லாவும் அதை வாசித்தார். அதற்குப் பிறகு மூன்று வருடம் போய்விட்டது. அவர் ஞாயிறுகளில் தேடுகிறார், நான் மற்ற நாட்களில் தேடுகிறேன். கிடைக்கவில்லை. சின்யோராவின் சீனி அளவு நன்றாகவே இருப்பதால், ஏழாவது இடம் வெறும் பெருமை என்பது பாவ்லாவின் கட்சி. சின்யோரா எந்தக் கட்சியிலும் இல்லை. நான் தூசி தட்டும்போது கதிரையில் இருந்து புன்னகைக்கிறார்.

எங்கள் வீட்டில் சாவியோ கண்ணாடியோ காணாமல் போனால், "ஏழாவது இடத்திலை பாருங்கோ" என்பது வழக்கமாகிவிட்டது. வருகிற விருந்தாளிகளுக்கும் சுகந்தி கதையைச் சொல்லி, எனக்கு முன்னால் அலுமாரி திறக்க வேண்டாம் என்று எச்சரித்து வைக்கிறாள். போன கிழமை பெர்மெஸ்ஸோவைத் திரும்பவும் புதுப்பிக்க வேண்டி வந்தது. தாள்கள் எங்கே என்று கேட்டேன்.

"நாளைக்கு குவெஸ்தூரா வாசலிலை தாறன்," என்றாள்.

"எங்கை வைச்சிருக்கிறீர் எண்டாவது சொல்லுமன்."

"சொல்லுவன். பிறகு அதைப் பெரிய திரையிலை போட்டு இருபது பேர் கை தட்டுவினம்."