கித்தாரைத் தட்டச்சு செய்தவனின் மேசைப்போர்

இனி நான் சொல்லப்போவதில் ஒரு சொல், ஒரு கொம்பு, ஒரு புள்ளி பொய்யாக இருந்தாலும் என் மூக்குக்கண்ணாடி இந்த நொடியே இரண்டாகப் பிளந்து மடியில் விழட்டும். விழவில்லை; பார்த்துக்கொண்டீர்கள். ஆகவே தொடங்குகிறேன்.

வாழி! விரற்படை வேந்தே, வாழி! நரம்பதிரத் தட்டிய நாயகா, வாழி! இண்டூருக்கும் நல்லம்பள்ளிக்கும் இடைப்பட்ட செம்மண் சிற்றூரில் கேழ்வரகும் அவரையும் விளைத்த குடியில் தோன்றி, தருமபுரி வக்கீல் ஒருவரின் அறையிலே பகலெல்லாம் மனு அடித்து, பொழுது சாயச் சைக்கிள் மிதித்து வீடு திரும்பிய வேகவிரலோனே! ஸ்தனிஸ்லாஸ் என்னும் உன் திருப்பெயரை ஊரார் ஒருவரும் ஒருமுறையும் முழுதாக உச்சரிக்காது 'தனிசு' என்று நறுக்கிய கொடுமையைப் பொறுத்த பொறையுடையோனே, வாழி!

அத்தகு விரல்களுக்கும் ஒரு வடு உண்டு. தட்டச்சு லோயர் தேர்வு என்னும் கோட்டையை அவை மூன்றாண்டுகள் முற்றுகையிட்டு மூன்று முறையும் தோற்று மீண்டிருந்தன. வேகத்தில் குறையில்லை, பிழையிலும் குறையில்லை. "இவன் அடிச்ச காயிதத்த எலி கடிச்சிருந்தாக்கூட இன்னும் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும்" என்று தட்டச்சுப் பள்ளி ஆசிரியர் பலர் முன்னிலையில் மொழிந்த நாள் முதல், இவ்விரல்கள் ஊரறிய ஒரே ஒரு முறையாவது வென்றாக வேண்டும் என்னும் தீ நம் நாயகன் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்தது. அதற்குரிய களம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் ஆண்டு வந்து வாய்த்தது.

மாற்றலாகிப் போன கன்னியாஸ்திரி ஒருவர் பங்குக் கோயிலில் ஒரு கித்தாரை விட்டுச் சென்றார். ஆறு தந்தி, நீள் கழுத்து, கழுத்தின் குறுக்கே பித்தளை மெட்டுகள், கன்றுக்குட்டி வயிறு போன்ற மரக்குடம். அதை மார்போடு அணைத்து மீட்ட வேண்டும் என்பதை அறிந்தவர் அந்த வட்டாரத்தில் ஒருவருமிலர். நம் நாயகனோ அதைப் பார்த்த மாத்திரத்தில், ஆண்டவனே அனுப்பிய நீளமான டைப்ரைட்டர் இது எனத் துணிந்து, வீட்டுக்கு எடுத்துவந்து மேசைமேல் மல்லாத்திக் கிடத்தி, முக்காலி இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி, இரு கைகளையும் தந்திகளின்மேல் விரித்து, ஓங்கித் தட்டினான். மீட்டவில்லை, சுண்டவில்லை, வருடவில்லை, தட்டினான். தந்தி மெட்டில் மோதியது. மோதிய இடத்தில் ஒரு நாதம் பிறந்தது!

விரற்படையின் வீரத்தை விளம்புவேன். மெட்டின்மேலே தட்டினால் செத்த ஒலி. மெட்டுக்குச் சற்றே பின்னால், அதன் பித்தளைக்கு நெருக்கமாக, ஆணி அடிப்பதுபோல் நேராக இறங்கினால் தேனொலி என்று பதினேழு நாள் போரில் கண்டறிந்தான். இறங்கிய விரல் எழும்போது தந்தியை ஓரமாகக் கிள்ளிக்கொண்டே எழுந்தால் இலவசமாக இன்னொரு நாதம் கிடைக்கும் என்பது இருபதாம் நாள் பெற்ற வரம். சுட்டுவிரல்கள் இரண்டும் முன்னணி யானைகள்; நடுவிரல்கள் நெடுவேல் மறவர்; மோதிரவிரல்கள் அண்டைவீட்டான் அசைந்தாலன்றித் தாம் அசையாத சோம்பேறிச் சிற்றரசர்; சுண்டுவிரல்களோ போர்முரசு கேட்டதும் வயிற்றுவலி என்று படுத்துவிடும் பேர்வழிகள். அவற்றையும் தேங்காயெண்ணெய் தடவி, வெந்நீரில் நனைத்து, காலையில் திட்டி, மாலையில் கெஞ்சிப் போருக்கு எழுப்பினான். கட்டைவிரலுக்குத் தந்தியில் வேலையில்லை. ஆயினும் ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் இடம் விடப் பழகிய அவ்விரல், பழக்கம் மாறாமல் குடத்தில் 'தொம்' என்று இறங்க, கூலி கேட்காத மத்தளம் ஒன்றும் உடன் பிறந்தது.

ஒரே ஓர் இடர். தட்டிய விரலுக்கு இடப்புறம் கிடந்த தந்தி மிச்சமும் வண்டுபோல் ரீங்கரித்து இசையைக் கெடுத்தது. கழுத்தின் தலைமாட்டில் துணி சுற்றினால் அந்த வண்டு வாயடைக்கும் என்று கண்ட நாயகன், கொடியில் கைக்கு எட்டியதை உருவிக்கொண்டான்.

"ஏனுங்க, காயப்போட்ட பாவாடைல நாடாவக் காணோம். எலி கிலி இழுத்துக்கிட்டுப் போச்சுங்களா?" என்றாள் மனைவி தெரசா.

"ஆண்டவரு காரியத்துக்குக் குடுத்துட்டேன் புள்ள."

"ஆண்டவருக்கு எதுக்குங்க எம் பாவாட நாடா?"

நாடாவைக் கித்தார்க் கழுத்தில் இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டான் மாவீரன்.

இனி மாற்றானைப் பாடாவிடில் காவியம் நொண்டும். பதினான்கு ஆண்டுகளாகப் பாடகர் குழுவின் மேசையில் கோலோச்சியவர் ஆர்மோனியச் செம்மல் ராஜாமணி. இடக்கையால் துருத்தி ஊதி வலக்கையால் கட்டை அளக்கும் அவருடைய வாத்தியம் அந்த மேசையைப் பிரிந்து ஒரு நாளும் இருந்ததில்லை. மேசையோ நான்கே அடி. ஆர்மோனியம் இரண்டடி, மல்லாந்த கித்தார் மூன்றேகால் அடி. வானமும் பூமியும் இடம் கொடுக்கலாம், அந்தப் பலகை கொடுக்காது.

கோயிலில் வாசிக்க அந்த மேசை தனக்கும் வேண்டும் என்று அவன் கேட்க, வழக்கு பங்குச் சாமியாரிடம் சென்றது. நாயகன் அவர் எதிரில் தட்டிக் காட்ட, ராஜாமணி இடுப்பில் கைவைத்து நின்று கேட்டார்.

"ஏன்டா தனிசு, இது பாட்டா, பத்திரமா? முடிஞ்சதும் கார்பன் காப்பி ஒண்ணு குடுப்பியா?"

"கேலி பண்ணாதீங்கண்ணா. உங்க பொட்டிக்கு ஒரு கைதான் வாசிக்குது. எனக்கு ரெண்டு கையும் வாசிக்குது."

"ரெண்டு கையும் வாசிச்சுத்தான மூணு தடவ பெயிலான?"

ஆ! அச்சொல் அம்பு! நாயகன் கண் சிவந்தது, காது சிவந்தது, சுண்டுவிரல்கூடத் துடித்தது. சாமியார் கையை உயர்த்தித் தீர்ப்புரைத்தார்: "கிறிஸ்துமஸ் காலப் பூசைல வானவர் கீதத்த ரெண்டு பேரும் சேந்தே வாசிங்க. பாட்டு முடியற வரைக்கும் யாரு வாசிப்பு நிக்காம, யாரு வாத்தியம் மேசைமேல இருக்குதோ, மேசை அவங்களுக்கு. இன்னொண்ணு சாமான் ரூமுக்குப் போயிரும். அப்பறம் எங்கிட்ட யாரும் வரக் கூடாது."

விடிந்தது அவ்விழா நாள். புதுச்சேலை சலசலக்க, புகைமணம் கமழ, கோயில் நிறைந்தது. மேசையின் வலப்பக்கம் ஆர்மோனியம் அரணென அமர, இடப்பக்கம் கிடந்த கித்தார் ஒன்றேகால் அடிக் கழுத்தை வெளியே நீட்டி, பாவாடை நாடாவைப் போர்க்கொடியாய்த் தொங்கவிட்டது. சாமியார் கீதத்தை எடுத்துக் கொடுத்தார். எட்டு விரல்களும் ஏககாலத்தில் பாய்ந்தன! என்னே அந்நாதம்! வத்தல்மலை மூன்று முறை எதிரொலித்தது. இண்டூர் ஏரியில் மீன்கள் தலையை நீட்டிக் கேட்டன. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் வாயில் எடுத்த புல்லை விழுங்க மறந்தன.

அப்போதுதான் விதி மணியடித்தது.

கிறிஸ்துமஸ் வானவர் கீதத்துக்கு வரிதோறும் பீட மணியை ஒலிப்பது அந்தப் பங்கின் வழக்கம். ஒத்திகையில் மணி இல்லை. உபதேசியார் சவரிராயன் முதல் வரியின் முடிவில் மணியை ஒரு குலுக்குக் குலுக்கினார்: டிங்! டைப்ரைட்டரிலும் வரி முடியும் தறுவாயில் அதே டிங் ஒலிக்கும். ஒலித்ததும் இடக்கை எழுந்து உருளையை வலப்பக்கம் தள்ளும். அது மூளையைக் கேட்டுச் செய்யும் காரியமன்று. நாயகனின் இடக்கை எழுந்தது. கித்தாரை வலப்பக்கம் நான்கு விரற்கடை தள்ளியது. மீண்டும் தந்திக்குத் திரும்பியது. கித்தார் முட்ட, ஆர்மோனியம் நான்கு விரற்கடை நகர்ந்தது.

"டேய், தள்ளாதடா!" என்றார் ராஜாமணி, வாசிப்பை நிறுத்தாமல்.

"நான் தள்ளலீங்கண்ணா, கை தள்ளுது!"

டிங்! நகர்ந்தது. டிங்! மேலும் நகர்ந்தது. மணியின் பயனை அன்றுதான் கண்டவர்போல் உபதேசியார் உற்சாகம் பெருகிக் குலுக்கினார். நான்காம் வரியில் ஆர்மோனியம் பாதி அந்தரத்தில் நின்றது. ஐந்தாம் டிங்கில் அது மலையுச்சி விட்டு உருளும் பாறையெனச் சரிய, பாடகர் குழுவின் ராணியம்மாளும் ஞானமேரியும் பாட்டை விடாமலே பாய்ந்து இருபுறமும் தாங்கினர். சப்பரம்போல் அவர்கள் கையில் அது நிற்க, முக்காலியை உதைத்து எழுந்த ராஜாமணி நின்றபடி துருத்தி ஊதி, நின்றபடி கட்டை அளந்து, ஒரு சுரமும் சிந்தாமல் வாசித்தார். மாற்றானே ஆயினும் அம்மறத்துக்கு ஒரு வாழி!

"அண்ணா, கை கடுக்குதுங்க!" என்று கீதத்தின் நடுவே கிசுகிசுத்தாள் ராணியம்மாள்.

"செத்த பொறுத்துக்க தாயி, இன்னும் அஞ்சே வரி!"

எதிர்ப்பட்ட பகை அகன்றது; ஆனால் மணி அகலவில்லையே! ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது. எதிர்முட்ட ஆளில்லாததால் டிங்குக்கு எட்டு விரற்கடை வழுக்கிய கித்தார் இப்போது தானே மேசையின் வலவிளிம்பைத் தாண்டிப் படுகுழியை எட்டிப் பார்த்தது. முக்காலியோடு தத்தித் தத்திப் பின்தொடர்ந்தான் நாயகன். கனத்த குடம் வெளியே தொங்கியது. கழுத்து மெல்ல மேலெழலாயிற்று. இன்னும் ஒரே தள்ளு. மேசை போகும், வாத்தியம் போகும், மூன்று தோல்வியோடு நான்காவதும் சேரும்.

பத்தாம் வரி. டிங்!

இடக்கை எழுந்தது. அந்தோ, தன் கையே தனக்குப் பகையானால் தளபதி என் செய்வான்! வலக்கை பருந்தெனப் பாய்ந்து இடக்கையின் மணிக்கட்டைக் கவ்வியது. இரு கைகளும் கித்தாரின்மேல் கட்டிப் புரண்டன. எட்டு விரல்களும் செயலற்றன. வாசிப்பு நின்றதா? நிற்கவில்லை! எந்தத் தந்திக்கும் உரிமையில்லாக் கட்டைவிரல், அந்த மற்போரின் அடியில் நசுங்கிக்கிடந்தவாறே, தொம், தொம், தொம் என்று குடத்தை அடித்து வரியை நிறைவுசெய்தது. ஆமென் வந்தது. கித்தார் ஒருமுறை ஆடியது, யோசித்தது, மேசைமேலேயே அடங்கியது.

சாமியார் திரும்பி மேசையை நோக்கினார். "மேசை தனிசுக்கு" என்றார்.

பூசை முடிந்ததும் கூட்டம் சூழ்ந்தது. நஞ்சம்மாள் என்னும் மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னா இனிப்புடா சாமி! இத்தன வருசத்துல கோயில்ல இப்பிடி ஒரு வாசிப்பக் கேட்டதே இல்ல, போ!" என்று நாயகனின் பத்து விரல்களையும் பற்றித் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். வெளியே தள்ளுவண்டிக்காரர் காசு வாங்காமல் தேநீர் நீட்டினார். மூன்றாண்டு வடு அந்தக் கணமே ஆறியது. வெற்றித்திருமகள் அவன் விரல் ஒவ்வொன்றிலும் ஒரு கணையாழி பூட்டினாள். திசை எட்டும் அவன் புகழ் தாங்கமாட்டாமல் சற்றே சாய்ந்தன.

தட்டி வாசித்த கித்தாரின் சத்தம் முதல் வரிசைக்குக்கூட எட்டவில்லை, அன்று கோயிலில் எல்லோரும் கேட்டது ராஜாமணியின் ஆர்மோனியத்தை மட்டும்தான்.